புழுதியில் போட்ட விதை

தத்துப் போய் வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் வேர் தேடி வரும்போது கரிசல் பூமி என்ன சொல்கிறது? விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ஒரு பயணம்.

கரிசல் கிராமத்தில் பஸ்ஸை விட்டுப் புது ஆள் ஒருவர் இறங்கினால், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஊருப்பா? யாரு வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். இதில் வம்பு எதுவும் கிடையாது. அப்பா பெயரைச் சொன்னால் தாத்தா பெயர் வரும். தாத்தா பெயர் வந்தால் அவர் உழுத காடு, வெட்டின கிணறு, பெண் எடுத்த ஊர் எல்லாம் வரிசையாக வந்துவிடும். ஐந்து நிமிஷத்தில் ஏதோ ஒரு வழியில் மாமன், மச்சான் முறை ஆகிவிடும்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவர்களும் இருக்கிறார்கள். முகம் நம் ஊர் முகம். பேச்சு மட்டும் டேனிஷ், ஸ்வீடிஷ், ஜெர்மன், டச்சு அல்லது ஆங்கிலம். கைக்குழந்தையாகவோ இரண்டு மூன்று வயதிலோ இந்தியாவிலிருந்து தத்துப் போய் அந்த நாடுகளில் வளர்ந்தவர்கள். 1970-களிலும் 80-களிலும் போனவர்களுக்கு இப்போது 40, 50 வயது ஆகிறது. பலருக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டன. அந்தப் பிள்ளைகள் "நம்ம தாத்தா பாட்டி யாரு?" என்று கேட்கத் தொடங்கியதும் இவர்களுக்குள் கிடந்த கேள்வியும் எழுந்து நிற்கிறது. விமானம் ஏறி வருகிறார்கள்.

மணலியில் நடந்தது

தமிழ்நாட்டில் பலரும் பத்திரிகைகளில் படித்த சம்பவம் ஒன்று உண்டு. தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் வறுமையால் 1970-களில் சென்னைக்குப் பிழைக்க வந்தது. பிள்ளைகளுக்குச் சோறு போட வழியில்லாத நிலையில், தாய் தன் இரண்டு ஆண் குழந்தைகளை ஒரு காப்பகத்தில் சேர்த்தார். கொஞ்ச காலத்துக்கு என்றுதான் அவர் நினைத்தார். திரும்பிப் போய்க் கேட்டபோது, பிள்ளைகள் வெளிநாட்டில் நன்றாக இருக்கிறார்கள் என்ற பதில்தான் கிடைத்தது.

அவர்களில் ஒருவர் 1979-ல் டென்மார்க் போனார். அங்கே அன்பான பெற்றோரிடம் வளர்ந்தார், படித்தார், வேலைக்குப் போனார். நடுவயதில் ஒரு பழைய புகைப்படத்தையும் சில காகிதங்களையும் வைத்துக்கொண்டு சென்னைக்கு வந்தார். ஒரு தடவை வந்ததில் முடியவில்லை. பல தடவை வந்து, குழந்தைகள் உரிமைக்காக வேலை செய்கிறவர்களின் உதவியோடு, மரபணுப் பரிசோதனையும் செய்து, 2019 நவம்பரில் சென்னை மணலியில் பெற்ற தாயைச் சந்தித்தார். பிரிந்து 40 ஆண்டு ஆகியிருந்தது. அம்மாவுக்கு டேனிஷ் தெரியாது. மகனுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

இது நல்லபடி முடிந்த கதை. தேடி வருகிற எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. புனேயில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த அருண் டோலே, தன்னுடைய தத்துக் கோப்பைப் பார்ப்பதற்கே பல ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறி இறங்க வேண்டியிருந்தது. சிலருடைய காகிதத்தில் தாயின் பெயர் இருக்காது. சிலருக்கு ஊர் பெயர் தப்பாக எழுதப்பட்டிருக்கும். தேடிக் கண்டுபிடிக்கும்போது தாய் உயிரோடு இல்லாமலும் இருக்கலாம்.

அப்படிப்பட்டவருக்கு மிச்சம் இருப்பது மண்தான். அந்த மண்ணோடு அவருக்கு என்ன சொந்தம் இருக்க முடியும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, பயிரோடும் மழையோடும் பழகிய கரிசல் காட்டை விட நல்ல இடம் கிடைக்காது. மதுரையில் இறங்கித் தெற்கே திருமங்கலம், கள்ளிக்குடி தாண்டி விருதுநகர் பக்கம் வருகிற ஒருவர் என்ன பார்ப்பார் என்று பார்க்கலாம். மாதம் புரட்டாசி என்று வைத்துக்கொள்வோம்.

மழைக்கு முன்னால் விதைப்பு

புரட்டாசிக் கடைசியில் இந்தப் பக்கம் வருகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது வெறுங்காடு. நான்கு வழிச் சாலையின் இரண்டு பக்கமும் கறுப்பு மண். கோடையில் விழுந்த வெடிப்புகள் உழவில் மூடியிருக்கும். ஓரங்களில் வேலிக்கருவை. பச்சை என்று சொல்ல அது ஒன்றுதான். வெயில் மண்டையைப் பிளக்கும். ஐரோப்பாவின் ஈரப் புல்வெளியில் வளர்ந்தவர், "இதில் என்ன விளையும்?" என்றுதான் கேட்பார்.

அந்த நேரத்தில்தான் காட்டுக்குள் டிராக்டரும் விதைக்கும் கருவியும் ஓடிக்கொண்டிருக்கும். மண்ணில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஆனாலும் விதை விழுகிறது. வெளியாருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். மானாவாரி விவசாயிக்கு இது பரம்பரைக் கணக்கு. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். மழை பெய்த பிறகு கரிசலில் கால் வைக்க முடியாது. சேறு முழங்காலைப் பிடிக்கும். காய்ந்து பதம் வருவதற்குள் பத்து நாள் ஓடிவிடும். அந்தப் பத்து நாள் ஈரத்தை இழக்கக் கூடாது என்றுதான் இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே புழுதியில் விதைத்துவிடுகிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விதையை மேலாகப் போட்டால், பருவத்துக்கு முன்னால் விழுகிற சிறு தூறலையே மழை என்று நம்பி முளைத்துவிடும். மறுநாள் வெயிலில் கருகிவிடும். அதனால் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும். அந்த ஆழம் வரை மண் நனைகிற அளவுக்கு மழை பெய்தால்தான் விதை கண் திறக்கும். சோளம் என்றால் விதையைக் கடினப்படுத்தி விதைப்பது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்ற கணக்கில் 2 சதவீதக் கரைசல் தயார் செய்து, கிலோ விதைக்கு 350 மில்லி கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்த வேண்டும். அப்படிச் செய்த விதை வறட்சியைத் தாங்கும்.

வேர் தேடி வருகிறவரின் நிலைமையும் இதுதான். தாய்மொழி போய்விட்டது, பெயர் மாறிவிட்டது, சாமி மாறிவிட்டது. முப்பது நாற்பது ஆண்டு எதுவும் முளைத்ததாகத் தெரியவில்லை. அதற்காக விதை செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. தக்க மழைக்காகக் கிடக்கிறது. வந்து இறங்கினவர் பலர் முதலில் சொல்வது ஒரே விஷயத்தைத்தான்: கூட்டத்தில் யாரும் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வளர்ந்த ஊரில் பள்ளிக்கூடத்திலும் கடைவீதியிலும் அவர் ஒருவர்தான் மாநிறம். எல்லோரும் பார்ப்பார்கள். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் அவர் நூற்றில் ஒருவர். பேச வாய் திறக்கிற வரை அவர் இந்த ஊர்க்காரர். அந்தச் சில நிமிஷம் பட்ட ஈரம் ஆழமாக இறங்கிவிடுகிறது.

தூறல் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நல்ல மனதோடு ஊர்க்காரர்கள் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. "மூக்கைப் பார்த்தா இன்னார் மூக்கு மாதிரி இருக்கு. இது அந்த வீட்டுப் பிள்ளைதான்" என்று அவசரப்பட்டு ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அழுகையும் மாலையும் போட்டோவும் நடந்துவிடும். பிறகு மரபணுப் பரிசோதனையில் இல்லை என்று வந்தால், வந்தவர் மட்டுமல்ல, பிள்ளையைத் தொலைத்த அந்த வீட்டுத் தாயும் இரண்டாவது தடவை நொறுங்குவார். ஐந்து சென்டிமீட்டர் நனையும் வரை பொறுக்க வேண்டும்.

விருதுநகர்: வந்ததெல்லாம் சொந்தமான ஊர்

பழைய விருதுபட்டிதான் இன்றைய விருதுநகர். காமராஜர் 1903 ஜூலை 15 அன்று பிறந்த ஊர். அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1985-ல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது தனி மாவட்டம் ஆனது. ஆனால் தமிழ்நாடு முழுக்க இந்த ஊர் தெரிவது மார்க்கெட் நிலவரத்தால்தான். வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று விருதுநகர் விலையைப் பார்த்துத்தான் மற்ற ஊர்க் கடைக்காரர்கள் விலை சொல்வார்கள். கிட்டங்கிகள் இருக்கும் தெருவில் நடந்தால் வத்தல் நெடி மூக்கில் ஏறும். உள்ளூர்க்காரருக்கும் தும்மல் வரும். வெளிநாட்டில் வளர்ந்தவருக்கும் வரும். அதில் வித்தியாசம் இல்லை.

இந்த நெடிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. மிளகாய் இந்த மண்ணில் பிறந்த பயிர் இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் இருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்னால் தமிழன் சமையலில் மிளகுதான் காரம். இன்று சம்பா வத்தல் இல்லாமல் விருதுநகருக்குப் பெயர் இல்லை. கரிசலில் இப்போது பெரும் பரப்பில் நிற்கிற மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்தான். பருத்தியை எடுத்துக்கொண்டால், கருங்கண்ணி நம் நாட்டு ரகம். 1900-களின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்த நீளமான இழைப் பருத்திக்கு, வந்த இடத்தின் பெயரையே வைத்துக் கம்போடியாப் பருத்தி என்றார்கள். அதையும் விவசாயிகள் தோட்டத்தில் ஏற்றுச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். நாலு பருவம் விளைந்தால் எந்தப் பயிரும் நம் பயிர்தான்.

வந்த பயிரையெல்லாம் சொந்தமாக்கின மண்ணுக்கு, இங்கேயே பிறந்து போய்த் திரும்பி வருகிற பிள்ளை அந்நியர் ஆவாரா? அதே சமயம் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மிளகாய் இங்கே சொந்தமானது போல, அந்தப் பிள்ளையும் அங்கே சொந்தமாகிவிட்டார். வளர்த்த அம்மா அப்பாதான் அவருக்கு அம்மா அப்பா. "எங்ககிட்டயே இருந்துடு தம்பி" என்று கையைப் பிடித்து இழுப்பதில் பாசம் இருக்கிறது, நியாயம் இல்லை. இரண்டு மண்ணும் அவருடையதுதான். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லக் கூடாது.

சிவகாசி: ஒரே வானம், இரண்டு வேண்டுதல்

விருதுநகரில் இருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி போகிற சாலையில் காடுகளுக்கு நடுவே தகரப் பலகைகளும் சின்னச் சின்னக் கட்டடங்களும் தெரிய ஆரம்பிக்கும். ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் இடைவெளி விட்டு, நடுவில் வேப்பமரம் வளர்த்திருப்பார்கள். பட்டாசு ஆலைகள். ஓர் அறையில் விபத்து நடந்தால் அடுத்ததற்குப் பரவாமல் இருக்க அந்த இடைவெளி.

இந்தத் தொழில் வந்ததற்குக் காரணமும் மழைதான், அதாவது மழை இல்லாததுதான். வானம் பார்த்த பூமி அடிக்கடி பொய்த்தது. பிழைப்புக்கு வேறு வழி தேடி, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்து, 1923-ல் சிவகாசியில் தொடங்கினார்கள். காய்ந்த காற்று தீக்குச்சிக்கும் மருந்துக்கும் ஏற்றதாக இருந்தது. தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு, லேபிள் ஒட்டுவதற்காக அச்சுத்தொழில் என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வளர்ந்தன.

இன்றும் பல வீடுகளில் இரண்டு பிழைப்பும் சேர்ந்தே நடக்கிறது. புரட்டாசியில் வீட்டுக்காரர் காட்டில் விதைத்துவிட்டு மழைக்கு வானத்தைப் பார்ப்பார். வீட்டுக்காரம்மா பட்டாசு ஆலையில் தீபாவளி வேலை முடிகிற வரை வெயில் அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வார். மழை வந்தால் வெடி காயாது, வேலை நின்றுவிடும், கூலி போய்விடும். ஒரே கூரைக்குள் ஒருவர் மழை கேட்கிறார், இன்னொருவர் வெயில் கேட்கிறார்.

பெற்ற பிள்ளையை ஒரு தாய் ஏன் விட்டாள் என்று கேட்டு வருகிறவர், இந்தச் சாலையில் கொஞ்ச நேரம் நின்றால் பாதிப் பதில் தெரிந்துவிடும். மழை பொய்த்த ஆண்டில் கரிசல் வீட்டில் என்ன இருக்கும்? 1970, 80-களில் விடியும் முன்னே ஆலை பஸ்கள் கிராமங்களுக்கு வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. பிள்ளைகளின் கூலியும் சேர்ந்தால்தான் உலை கொதித்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியை முன்னிட்டு எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழில்களில் இருந்து பிள்ளைகளை மீட்டுப் படிக்கவைக்க உத்தரவிட்டது. பிள்ளையை வேலைக்கு அனுப்பின தாயும் சரி, காப்பகத்தில் விட்ட தாயும் சரி, கல்மனசுக்காரர்கள் இல்லை. சாப்பாடு கிடைக்கிற இடத்தில் பிள்ளை இருக்கட்டும் என்று நினைத்தவர்கள்.

இந்தப் பகுதிக்குப் பெற்றோரை இழப்பது என்றால் என்ன என்று தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் ஏறக்குறைய 40 பேர் உயிரிழந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் விபத்து இல்லாத ஆண்டு கிடையாது. விபத்தில் உயிரிழக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். அதற்கெல்லாம் முன்பிருந்தே பாட்டியோ, சித்தியோ, தாய்மாமனோ அந்தப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்திருக்கிறார்கள். காகிதம் இல்லாத தத்து அது. அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு வசதி உண்டு. யாருடைய பிள்ளை என்று ஊருக்கே தெரியும்.

சிவகாசியில் வெளிநாட்டிலிருந்து வருகிறவரை நிறுத்தி வைக்கிற இன்னொரு காட்சி அச்சகங்கள். தினசரி காலண்டர் கட்டுக்கட்டாக அடுக்கி இருக்கும். நாள், நட்சத்திரம், திதி எல்லாம் போட்டு நாடு முழுவதற்கும் தேதி அச்சடித்துக் கொடுக்கிற ஊர் இது. தத்துப் போன பலருக்குப் பிறந்த தேதியே உறுதியாகத் தெரியாது. கைவிடப்பட்ட குழந்தை என்றால் மருத்துவர் பார்த்து உத்தேசமாக எழுதியதுதான் பிறந்தநாள். இத்தனை தேதிக்கு நடுவில் தன் தேதி எது என்று தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று, பிறந்த நட்சத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற நமக்குப் புரிவது கஷ்டம்.

விதைக்கு இருக்கும் அட்டை

விதை வாங்கும்போது விவசாயிகள் மூட்டையில் என்ன பார்க்கிறார்கள்? அட்டையை. வல்லுநர் விதை என்றால் மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். அதில் பயிர், ரகம், குவியல் எண், பரிசோதனை செய்த நாள், காலாவதி நாள் எல்லாம் இருக்கும். முளைப்பில் குறை இருந்தால் குவியல் எண்ணை வைத்துப் பின்னாலேயே போய், எங்கே விளைந்த விதை என்று கண்டுபிடிக்கலாம். மரபணு வங்கியில் ஒரு கைப்பிடி நாட்டு ரகத்தைச் சேர்க்கும்போதுகூட, எந்த ஊர், யாரிடம், எந்த நாளில் வாங்கியது என்று எழுதி வைக்கிறார்கள். ஒரு பிடி சோளத்துக்கு இவ்வளவு பத்திரம் செய்கிற நாட்டில், கடல் தாண்டிப் போன குழந்தைகள் பலருக்குச் சரியான அட்டை எழுதப்படவில்லை.

பிறகு நிலைமை மாறியது. லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டு, 1984-ல் வெளிநாட்டுத் தத்துக்கான விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 1990-ல் மத்திய தத்துவள ஆதார ஆணையம், அதாவது காரா, அமைந்தது. நாடுகளுக்கிடையிலான தத்து பற்றிய ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003-ல் ஏற்றது. இப்போது நடப்பில் இருப்பது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2022-ம் ஆண்டின் தத்து ஒழுங்குமுறை விதிகளும். தத்துப் போன பிள்ளை தன் வேரைத் தேட இந்த விதிகளில் வழி இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்: பூமி பெற்ற பிள்ளை

சிவகாசியில் இருந்து மேற்கே மல்லி வழியாகப் போகப் போகக் காற்று மாறும். தூரத்தில் மேற்குத்தொடர்ச்சி மலை நீலமாக எழும். கண்மாயும் தென்னையும் நெல்வயலும் தெரியும். இங்கேதான் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது, எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் பருத்தி ரகங்கள் இந்த ஊர்ப் பெயரைத் தாங்கியவை. பஸ்ஸை விட்டு இறங்கினால் பால்கோவா வாசனை. நிமிர்ந்தால் கோபுரம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெருமை சேர்த்தவர் ஒரு வளர்ப்பு மகள். பெரியாழ்வார் தன் நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்து, கோதை என்று பெயரிட்டு வளர்த்தார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. அந்தக் குழந்தைதான் ஆண்டாள். கண்டெடுத்த ஆடிப்பூர நாளில் ஊர் கூடித் தேர் இழுக்கிறது. அந்த நந்தவனமும் இன்று வழிபடும் இடமாக இருக்கிறது. பூமாதேவியே பிள்ளையாக வந்தாள் என்பது பக்தர்கள் நம்பிக்கை. பெற்றவர் யார் என்று கேட்டால் மண் என்பதுதான் அவர்கள் பதில்.

வேர் தேடி வந்து, தாயைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கிறவருக்கு இந்த நந்தவனம் ஒரு ஆறுதல். "என் பிறப்பு இந்த மண்ணில். அதற்குச் சாட்சி வேண்டாம்" என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இதையே காரணமாகக் காட்டி, "வளர்த்தவங்கதான் பெருசு, பெத்தவங்களைத் தேடி என்ன ஆகப்போவுது?" என்று அவர் வாயை அடைப்பது தப்பு. மண்ணோடு இருக்கிற சொந்தம் வேறு, தாய் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் வேறு. ஒன்று கிடைத்ததால் இன்னொன்று தீராது.

அவர் ஊர் திரும்பும்போது ஐப்பசி பிறந்திருக்கும். முதல் நல்ல மழை விழுந்து ஐந்தாம் நாள், வரும்போது வெறுங்காடாகக் கிடந்த அதே கரிசலில் வரிசை வரிசையாகச் சோளமும் மக்காச்சோளமும் முளைத்து நிற்கும். மழைக்கு முன்னால் வந்து பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்று போயிருந்தால் இதைப் பார்த்திருக்க முடியாது.

ஊரில் எழும் கேள்விகள், பதில்கள்

கேள்வி: தத்துப் போன பிள்ளை திரும்பி வந்தால் நிலத்தில் பங்கு கேட்க முடியுமா?
பதில்: பலர் கதவைத் திறக்கத் தயங்குவதே இந்தப் பயத்தால்தான். சட்டப்படி தத்துப் போன நாளில் இருந்து அந்தப் பிள்ளை வளர்த்த குடும்பத்துப் பிள்ளை. பெற்ற குடும்பத்துச் சொத்தில் பங்கு கிடையாது. தத்துக்கு முன்பே பிள்ளையின் பேருக்கு வந்து சேர்ந்துவிட்ட சொத்து இருந்தால் அது மட்டும் பிள்ளைக்கே சொந்தம். குழப்பம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளலாம். வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரு போட்டோவும் ஒரு பெயரும்தான்.

கேள்வி: அவர் இங்கே கொஞ்சம் காடு வாங்க ஆசைப்பட்டால்?
பதில்: வெளிநாட்டுக் குடிமக்கள் இந்தியாவில் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. இதைத் தெரிந்தவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆசை காட்டி முன்பணம் வாங்குகிற தரகர்களிடம் அவர் சிக்காமல் பார்த்துக்கொள்வது ஊருக்கு மரியாதை.

கேள்வி: தேடுவதற்கு யாரிடம் போகச் சொல்வது?
பதில்: 18 வயது நிரம்பியவர் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். காரா, தத்துக் கொடுத்த நிறுவனம், அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அவருக்காக மூன்றாம் நபர் தேடுவதற்கு விதிகளில் இடம் இல்லை. பெயரை வெளியிட வேண்டாம் என்று சொல்லிப் பெற்றவர் ஒப்படைத்திருந்தால், அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். சம்மதம் கிடைக்காவிட்டாலும், எந்தச் சூழ்நிலையில் ஒப்படைக்கப்பட்டார் என்ற விவரத்தைப் பிள்ளை தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: அந்தக் காலத்தில் பிள்ளை கொடுத்த அம்மா எங்கள் ஊரில் இருக்கிறார் என்று தெரியும். சொல்லலாமா?
பதில்: வந்தவரிடம் சொல்லக் கூடாது. முதலில் அந்த அம்மாவிடம் தனியாகச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் நடந்ததாக இருக்கலாம். இன்றைய வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் இருக்கலாம். பார்ப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அவர் சரி என்றால் பாதுகாப்பு அலகு மூலம் சந்திப்பது இருவருக்கும் நல்லது.

கேள்வி: இன்றைக்கு ஒரு தாய் பிள்ளையை வளர்க்க முடியாத நிலையில் இருந்தால்?
பதில்: யாரிடமும் கைமாற்றிக் கொடுக்கக் கூடாது, அது குற்றம். 1098 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம். குழந்தைகள் நலக் குழு முன்னால் முறைப்படி ஒப்படைத்தால், மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. தமிழ்நாட்டில் 1992 முதல் தொட்டில் குழந்தைத் திட்டமும் இருக்கிறது. எழுதிக் கொடுக்கும் காகிதத்தில் ஊர், பெயர், தேதி சரியாக இருக்கிறதா என்று படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைநாட்டு வைக்க வேண்டும். பிற்காலத்தில் அந்தப் பிள்ளை தேடி வரும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

கேள்வி: பேச்சே புரியாத ஒருவர் ஊருக்குள் வந்து நின்றால் என்ன செய்வது?
பதில்: யாரு வீட்டுப் பிள்ளை என்ற கேள்வியை அன்றைக்கு மட்டும் ஒத்திவைக்கலாம். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் போதும்.